நண்பர்கள் நடுவே வரும் பதற்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையில் பேசப் பயம் என்றால் ஊரே ஆலோசனை சொல்லும். டீக்கடையில் நாலு நண்பர்களோடு நிற்கும்போது நெஞ்சு படபடக்கிறது என்று சொல்லிப் பாருங்கள், "இதுக்கெல்லாமா?" என்று சிரித்துவிட்டுப் போவார்கள். இந்தப் பக்கம் அந்த இரண்டாவது ரகத்துக்கானது. கல்லூரி, விடுதி, முதல் வேலை என்று இருக்கும் வயதில் எழுகிற கேள்விகள்தான் இதில் அதிகம். நான் மருத்துவர் இல்லை. ஆய்வுகள் சொல்வதையும் பழக்கத்தில் தெரிந்ததையும் சேர்த்து எழுதியிருக்கிறேன்.

ஒருத்தரோடு தனியாக இருந்தால் நன்றாகப் பேசுகிறேன். நாலு பேர் சேர்ந்தால் வாய் அடைத்துப் போகிறது. ஏன்?

இரண்டு பேர் பேசும்போது உங்கள் முறை தானாக வரும். அவன் முடித்தால் அடுத்து நீங்கள்தான். கும்பலில் யாரும் முறை வைத்துத் தருவதில்லை, நாமேதான் இடையில் புக வேண்டும். பதற்றம் உள்ளவர் புகுவதற்கு முன்னால் சொல்ல வந்ததை மனதுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்ப்பார். மொக்கையாக இருக்குமோ என்று யோசிப்பார். சரி, சொல்லிவிடலாம் என்று முடிவுக்கு வருவதற்குள் பேச்சு ஐபிஎல்லிலிருந்து யாரோ ஒருத்தரின் கல்யாணத்துக்குப் போயிருக்கும்.

இன்னொன்றும் நடக்கிறது. டேவிட் கிளார்க், ஏட்ரியன் வெல்ஸ் என்ற இரண்டு பிரிட்டிஷ் உளவியலாளர்கள் 1995-இல் இதை விளக்கினார்கள். பயம் வந்ததும் கவனம் எதிரில் இருப்பவரை விட்டுவிட்டு நம் மீதே திரும்பிவிடுகிறது. குரல் நடுங்குகிறதா, முகம் சிவக்கிறதா, கையை எங்கே வைப்பது என்று உள்ளேயே பார்த்துக்கொண்டிருப்போம். உள்ளே தோன்றுவதெல்லாம் வெளியே தெரிகிறது என்றும் நம்பிவிடுவோம். நெஞ்சு அடித்துக்கொள்வது நமக்கு மட்டும்தான் கேட்கிறது. ஆனால் பக்கத்தில் நிற்பவன் முகத்தை நாம் பார்க்கவே இல்லையே, அதனால் அவனுக்கும் கேட்டிருக்கும் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடுகிறோம்.

இது வெறும் கூச்ச சுபாவமா, இல்லை வியாதியா?

கூச்சம் சுபாவம். அதை வைத்துக்கொண்டே ஒருத்தர் நாலு நல்ல நண்பர்களோடு நிம்மதியாக வாழ்ந்து முடிக்கலாம். பயத்தால் வாழ்க்கை சுருங்க ஆரம்பித்தால் கதை வேறு. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில், சமூகப் பதற்றம் எனப்படும் இது 1980-இல்தான் தனிப் பெயரோடு இடம்பிடித்தது. இப்போதைய வரையறைப்படி, பயம் ஆறு மாதமாவது நீடித்து, படிப்பையோ வேலையையோ மனிதர்களோடு பழகுவதையோ கெடுத்தால் அதைக் கோளாறு என்கிறார்கள். சீக்கிரமே தொடங்கிவிடுகிற தொல்லை இது: ஏறக்குறைய பாதிப் பேருக்கு 13 வயதுக்குள்ளேயே வந்துவிடுகிறது என்று அமெரிக்க ஆய்வுகள் காட்டுகின்றன.

போன் வந்த பிறகு வந்த வியாதி என்று சலித்துக்கொள்ளும் பெரியவர்களுக்கு ஒரு தகவல்: திருக்குறளில் அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. போர்க்களத்தில் சாகத் துணிந்தவர்களைக்கூட எளிதில் பார்த்துவிடலாம், சபையில் அஞ்சாதவர்கள்தான் அரிது என்று அதில் ஒரு குறள்.

நான் உளறியதை எல்லாரும் கவனித்திருப்பார்களே?

நீங்கள் நினைப்பதில் பாதிப் பேர் கவனித்திருக்கலாம். கார்னெல் பல்கலைக்கழகத்தில் தாமஸ் கிலோவிச்சும் அவருடைய சகாக்களும் செய்த சோதனை ஒன்று 2000-இல் வெளிவந்தது. பாடகர் பாரி மனிலோவின் முகம் பெரிதாக அச்சிட்ட டி-ஷர்ட்டை மாட்டிவிட்டு, மற்றவர்கள் உட்கார்ந்திருந்த அறைக்குள் ஒரு மாணவரை அனுப்பினார்கள். அந்த வயதுக்கு அது மானத்தை வாங்கும் சட்டை. எத்தனை பேர் கவனித்திருப்பார்கள் என்று கேட்டபோது, ஏறக்குறைய பாதிப் பேர் என்றார்கள் போட்டுப் போனவர்கள். உண்மையில் கவனித்தது சுமார் கால்வாசிப் பேர்.

அந்தக் கால்வாசியையும் மறைக்கக் கூடாது. "யாருமே பாக்கல, விடு" என்று தேற்றுபவர்கள் பொய் சொல்கிறார்கள், நமக்கும் அது பொய்யென்று தெரிகிறது. சிலர் பார்க்கத்தான் செய்வார்கள். பார்த்துவிட்டு அவரவர் கவலைக்குத் திரும்பிவிடுவார்கள்.

என்னைப் பாவம் பார்த்துத்தான் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

பாவம் பார்த்து ஒருத்தரை ஒரு பிறந்தநாளுக்குக் கூப்பிடலாம். மூன்று வருடம் பைக்கில் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு சுற்ற முடியாது. மனிதர்களுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

எரிக்கா பூத்பி என்ற ஆய்வாளரும் சகாக்களும் 2018-இல் ஒன்றைக் காட்டினார்கள். முன்பின் தெரியாத இருவரைப் பேசவிட்டு, பிறகு தனித்தனியாகக் கேட்டால், "எனக்கு அவரைப் பிடித்த அளவுக்கு அவருக்கு என்னைப் பிடித்திருக்காது" என்றே இரண்டு பேரும் நினைக்கிறார்கள். இரண்டு பேருமே தவறு. கூச்சம் அதிகம் உள்ளவர்களிடம் இந்த இடைவெளி இன்னும் பெரிது. விடுதியில் சேர்ந்து தங்கியிருந்தவர்களிடம்கூட இது பல மாதங்கள் நீடித்தது.

இந்தச் சந்தேகம் வரும்போதெல்லாம் "என் மேல ஏதாவது கோவமாடா?" என்று கேட்கும் பழக்கம் இருந்தால் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள். "சேச்சே, இல்லடா" என்ற பதில் அரை மணி நேரம்தான் தாங்கும், பிறகு மறுபடி கேட்கத் தோன்றும். நாலாவது முறை கேட்கும்போது அவனுக்கு நிஜமாகவே எரிச்சல் வரும். அந்த எரிச்சலை, பார்த்தாயா நான் சொன்னேனே என்று எடுத்து வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்கு வந்து படுத்ததும் அன்று பேசியதெல்லாம் மண்டைக்குள் ஓடுகிறது. தூக்கமே வருவதில்லை.

கூடியிருந்த நேரத்தைவிட இதுதான் ஆளைக் கொல்கிறது. உதாரணத்துக்கு இப்படி வைத்துக்கொள்வோம். மதியம் நண்பன் ஒருவன், "நாளைக்கு அப்பாவுக்கு ஆபரேஷன்டா" என்றான். பதற்றத்தில் உங்கள் வாயிலிருந்து "ஓகே, சூப்பர்" என்று வந்துவிட்டது. அவன் ஒரு நொடி பார்த்தான், பிறகு பஸ் வந்தது, ஏறிவிட்டான். அவ்வளவுதான் நடந்தது. இரவு பதினோரு மணிக்கு விளக்கை அணைத்ததும் அந்த ஒரு நொடிப் பார்வை பெரிதாகிறது. பன்னிரண்டு மணிக்கு அது வெறுப்பு. ஒரு மணிக்கு, அவன் இதை மற்ற மூன்று பேரிடமும் சொல்லிவிட்டான், நாளை மெஸ்ஸில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நடந்ததோடு நம் கூச்சமும் கொஞ்சம் கலந்துவிடுகிறது. அடுத்த முறை ஓடுவது அந்தக் கலப்படப் படம். நினைக்காதே என்று அடக்கினால் அடங்காது. வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சொன்னதும் அதுவே திரும்பத் திரும்ப வந்து நிற்கிறது என்று டேனியல் வெக்னர் 1987-இலேயே காட்டிவிட்டார்.

இதற்கு ஒரு வழி, எழுந்து விளக்கைப் போட்டு ஒரு தாளில் எழுதுவது. விதி ஒன்றுதான்: கேமராவில் பதிந்திருக்கக்கூடியதை மட்டும் எழுத வேண்டும். "அவன் பார்த்தான், பஸ் ஏறினான்" என்று எழுதலாம். "அவன் அசிங்கமாக நினைத்தான்" என்பதற்கு இடமில்லை. பெரும்பாலான இரவுகளில் தாளில் இரண்டு வரிக்கு மேல் இருக்காது.

நிஜமாகவே சரிசெய்ய ஏதாவது இருந்தால் சரிசெய்துவிடுங்கள். மேலே சொன்னதில் இருக்கத்தான் செய்கிறது. "மதியம் பதட்டத்துல என்னவோ உளறிட்டேன்டா. அப்பா எப்படி இருக்காரு? காலைல நான் வரட்டுமா?" இவ்வளவு போதும். ஒரு மன்னிப்பு நல்லது. அதையே ஏழு செய்தியாக அனுப்பினால், அப்பாவைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் உங்களைத் தேற்ற உட்கார வேண்டியிருக்கும்.

கும்பலில் இருக்கும்போது சமாளிக்க எனக்கென்று சில வழிகள் வைத்திருக்கிறேன். போதாதா?

இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதென்றால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்: அந்த வழிகள்தான் பயத்துக்குச் சோறு போடுகின்றன.

என்னென்ன என்று பார்ப்போம். செய்தி எதுவும் வராதபோதே போனை எடுத்து நோண்டுவது. ஓரமாக, வாசல் பக்கமாக உட்கார்வது. எல்லாவற்றுக்கும் சிரித்து வைப்பது. கேள்வியாகக் கேட்டுக்கொண்டே இருந்து, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தப்பிப்பது. கை நடுக்கம் தெரியக் கூடாதென்று டம்ளரை இறுக்கிப் பிடிப்பது. "அம்மா கூப்பிடுறாங்க" என்று கிளம்புவதற்கு ஒரு காரணத்தைத் தயாராக வைத்திருப்பது. இவற்றோடு ஒரு மாலையைக் கடத்திவிட்டால், பெயர் இவற்றுக்குத்தான் போகும். "போன் இருந்ததால தப்பிச்சேன்" என்றுதான் மனம் கணக்கு எழுதும். போன் இல்லாமலும் ஒன்றும் ஆகியிருக்காது என்று தெரிந்துகொள்ள வாய்ப்பே வராது. போதாததற்கு, ஓரமாக உட்கார்ந்து போனைப் பார்ப்பவனைப் பார்த்தால் பயந்தவன் என்று யாருக்கும் தோன்றாது. தலைக்கனம் பிடித்தவன் என்றுதான் தோன்றும்.

கிளார்க் வழியில் சிகிச்சை தருபவர்கள் தொடக்கத்திலேயே ஒரு சோதனை வைப்பார்கள். புதியவர் ஒருவரோடு சில நிமிடம், வழக்கமான தற்காப்புகளோடும் தன்னையே கவனித்துக்கொண்டும் பேச வேண்டும். பிறகு இன்னும் சில நிமிடம், அவற்றை விட்டுவிட்டு எதிரில் இருப்பவர் மேல் கவனம் வைத்துப் பேச வேண்டும். பெரும்பாலானவர்கள் எதிர்பார்ப்பது இரண்டாவது மோசமாக இருக்கும் என்று. ஆனால் பதற்றம் குறைவதும் பேச்சு நன்றாக வருவதும் அதில்தான். அந்தப் பேச்சைப் பதிவுசெய்த வீடியோவில் தங்களையே பார்க்கும்போது வாய் பிளப்பவர்கள் உண்டு, உள்ளே உணர்ந்த நடுக்கத்தில் பெரும்பகுதி திரையில் காணவே காணோம்.

நீங்களே செய்து பார்க்கலாம். அடுத்த முறை நண்பர்களோடு சாப்பிடப் போகும்போது போனைப் பையில் போட்டு ஜிப்பை மூடிவிடுங்கள். ஒரே ஒரு தற்காப்பை மட்டும் விட்டால் போதும். கவனத்துக்கு ஒரு வேலை கொடுங்கள்: எதிரில் இருப்பவன் எதைப் பற்றிப் பேசும்போது குரல் உயர்த்துகிறான் என்று பாருங்கள்.

செய்தி அனுப்பினேன். ப்ளூ டிக் வந்துவிட்டது, பதில் இல்லை.

2014 நவம்பருக்கு முன் வாட்ஸ்அப்பில் இந்த நீல நிறமே கிடையாது. நண்பர்கள் அப்போதும் பதில் போடாமல் இருந்தார்கள், நமக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அமைப்புகளில் அதை அணைத்துவிடலாம். மற்றவர் பார்த்ததும் உங்களுக்குத் தெரியாமல் போகும், அது லாபம்தான். குழுக்களில் மட்டும் அணைக்க முடியாது. குழுவில் பதில் வராத செய்திக்கு, அவசரமென்றால் ஒருத்தரைத் தனியாகக் கேளுங்கள். அவசரமில்லையென்றால் விடுங்கள். அனுப்பிய செய்தியை அழிக்காதீர்கள், "இந்தச் செய்தி நீக்கப்பட்டது" என்பதைத்தான் எல்லாரும் கவனிப்பார்கள்.

என்னை விட்டுவிட்டு மூன்று பேர் ஏற்காடு போய் ஸ்டேட்டஸ் போட்டிருக்கிறார்கள்.

வலிக்கும். வலிப்பதில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள்: இதற்கு முன் கூப்பிட்டபோது எத்தனை முறை "இல்லடா, வேலை இருக்கு" என்றீர்கள்? பயந்து மறுத்தது உங்களுக்குத் தெரியும். அவர்களுக்குத் தெரிந்தது, இவனுக்கு ஊர் சுற்றப் பிடிக்காது என்பதுதான். "போட்டோ நல்லா இருக்கு, அடுத்த தடவை என்னையும் சேத்துக்கோங்கடா" என்று ஒரு வரி அனுப்புங்கள். அதற்குப் பிறகும் திரும்பத் திரும்ப விடுபட்டால் வேறு கூட்டாளிகளைப் பார்க்க வேண்டியதுதான், அது தோல்வி ஒன்றும் இல்லை.

எல்லாரும் என்னையே கலாய்க்கிறார்கள். சிரித்து வைப்பதா, கோபப்படுவதா?

நம் ஊரில் கலாய்ப்பதுதான் பாசத்தின் மொழி, குறிப்பாக ஆண்களிடம். கட்டிப்பிடித்து "உன்னை எனக்குப் பிடிக்கும்" என்று சொல்லத் தெரியாதவர்கள், "வந்துட்டாருய்யா கலெக்டரு" என்று வரவேற்பார்கள். கலாய்ப்புக்கு ஆளாகாதவன்தான் பல நேரம் அந்தக் கும்பலுக்கு வெளியே இருப்பவன். இதைத் தெரிந்துகொள்வது பாதி நிம்மதி.

அதற்காக எல்லாவற்றையும் விழுங்க வேண்டியதில்லை. நான் பார்ப்பது மூன்று விஷயம். முதலாவது, கலாய்ப்பு சுற்றி வருகிறதா, இல்லை உங்களிடமே நிற்கிறதா? நேற்று அவன், இன்று நீங்கள் என்றால் விளையாட்டு. தினமும் நீங்கள் மட்டும்தான் என்றால் விளையாட்டு இல்லை. இரண்டாவது, எதைத் தொடுகிறது? தாமதமாக வந்ததற்கும் மொக்கை ஜோக்குக்கும் சிரிக்கலாம். நிறம், சாதி, உடம்பு, வீட்டு நிலைமை, திக்குவாய் இதெல்லாம் கலாய்ப்பில் சேராது, எத்தனை பேர் சேர்ந்து சிரித்தாலும் சேராது. கடைசியாக, நிறுத்தச் சொன்னால் என்ன நடக்கிறது? மூன்றில் நான் அதிகம் நம்புவது இதைத்தான்.

நிறுத்தச் சொல்வதற்குக் கும்பல் நடுவே சண்டை போட வேண்டாம். ஆரம்பித்தவனைத் தனியாகப் பிடித்து, "மச்சான், வேற என்ன வேணா ஓட்டு. அந்தப் பேரு மட்டும் வேண்டாம்" என்று சாதாரணக் குரலில் சொல்லுங்கள். விளக்கம் தேவையில்லை. நண்பன் என்றால் கொஞ்சம் அசடு வழிந்துவிட்டு நிறுத்திவிடுவான். மறுநாள் அதையே இரண்டு மடங்காகச் செய்தால், உங்கள் பதற்றம் கற்பனை இல்லை, சரியான எச்சரிக்கை. அந்த இடத்தில் உங்களைத் திருத்திக்கொள்ளப் பாடுபடாதீர்கள்.

நான் தமிழ் மீடியம். இவர்கள் ஆங்கிலத்திலேயே பேசுகிறார்கள், நான் ஊமையாகிவிடுகிறேன்.

பொறியியல் கல்லூரியிலும் ஐடி அலுவலகத்திலும் இது பெரிய காரணம். ஆனாலும் கூச்சம் என்ற பெயரில் ஒளிந்துகொள்கிறது. வாக்கியத்தைத் தலைக்குள் மொழிபெயர்த்து, இலக்கணம் பார்த்து முடிப்பதற்குள் பேச்சு கடந்துவிடும். அதனால் தமிழிலேயே பதில் சொல்லுங்கள். அவர்கள் ஆங்கிலத்தில் கேட்கட்டும், நீங்கள் "ஆமா, அந்தப் படம் எனக்கும் புடிக்கல, இன்டர்வல் வரைக்கும் தூங்கிட்டேன்" என்று சொல்லுங்கள். மேசையில் இருப்பவர்களில் பாதிப் பேர் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், சீக்கிரமே அவர்களும் இறங்கி வந்துவிடுவார்கள். ஆங்கிலத்தைத் தனியாக, வேறு நேரத்தில் கற்றுக்கொள்ளலாம். நட்பை அதுவரை காக்க வைக்க வேண்டாம்.

அவர்கள் போகும் ஹோட்டலுக்கு என்னிடம் காசு இல்லை.

அது மனப் பிரச்சினை இல்லை, பட்ஜெட் பிரச்சினை. "இந்த மாசம் கை கடிக்குதுடா, டீக்கடைன்னா வரேன்" என்று சொல்லிவிடுங்கள். இப்படி ஒருத்தர் வாய் திறந்தால் நிம்மதிப் பெருமூச்சு விட இன்னொருத்தர் அங்கே காத்துக்கொண்டிருப்பார்.

இரண்டு ரவுண்டு உள்ளே போனால் நன்றாகப் பேசுகிறேன்.

பேச்சு வரும், உண்மைதான். மேலே சொன்ன தற்காப்புகளில் இதுவும் ஒன்று, எல்லாவற்றிலும் விலை அதிகமானது. சமூகப் பதற்றம் உள்ளவர்களுக்குக் குடிப்பழக்கச் சிக்கல் வரும் வாய்ப்பு கூடுதல், பெரும்பாலும் பதற்றம் முதலில், குடி பிறகு. அதோடு, மறுநாள் காலை "நேத்து என்ன பேசினேன்" என்ற யோசனைக்கு இன்னும் நல்ல தீனி.

தன்னம்பிக்கை வந்த பிறகு பேச ஆரம்பிக்கலாமா?

வராது. வரிசை தலைகீழ்: பேசிய பிறகுதான் வரும், அதுவும் மெதுவாக.

ஆல்பர்ட் எல்லிஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், 19 வயதில் பெண்களோடு பேசவே நடுங்கியவர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் தாவரவியல் பூங்காவில், ஒரு மாதத்துக்கு, பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடத்துக்குள் பேச்சுக் கொடுத்துவிட வேண்டும் என்று தனக்கே கட்டளை போட்டுக்கொண்டார். 130 பேரில் 30 பேர் எழுந்து போய்விட்டார்கள். 100 பேரோடு பேசினார். ஒரே ஒருத்தர் மறுபடி சந்திக்கச் சம்மதித்தார், அவரும் வரவில்லை. பயம் மட்டும் போய்விட்டது என்று அவரே பல முறை சொல்லியிருக்கிறார். இன்று பூங்காவில் போய் யாரும் இதைச் செய்துவிடாதீர்கள், அந்தப் பெண்களின் பக்கத்திலிருந்தும் யோசிக்க வேண்டும். ஆனால் கதையில் ஒரு விஷயம் இருக்கிறது: கிடைத்ததெல்லாம் தோல்வி, அப்படியும் பயம் தெளிந்தது.

நண்பர்கள் வட்டத்தில் இதைச் சின்னதாகத் தொடங்கலாம். முதல் வாரம் குழுவில் யாராவது கேட்ட கேள்விக்கு உடனே பதில் போடுவது. பிறகு, மேசையில் ஒருத்தர் சொன்னதோடு ஒத்துப்போகாமல் "எனக்கு அப்படித் தோணல" என்று ஒருமுறை சொல்வது. பிறகு நீங்களே கூப்பிடுவது: "சனிக்கிழமை பீச்சுக்குப் போலாமா?" யாரும் வராமல் போகலாம். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

எப்போது மருத்துவரிடம் போக வேண்டும்? மாத்திரை வேண்டியிருக்குமா?

வகுப்பைத் தவிர்க்கிறீர்கள், நேர்முகத் தேர்வுக்குப் போகாமல் விடுகிறீர்கள், சாப்பாட்டை அறைக்கே வாங்கிவந்து தனியாகச் சாப்பிடுகிறீர்கள், மாதங்கள் ஓடுகின்றன என்றால் போய்விடுங்கள். இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. சிபிடி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் பேச்சுச் சிகிச்சையைத்தான் பிரிட்டனின் 2013 வழிகாட்டி முதலில் வைக்கிறது, சுமார் நாலு மாதத்தில் 14, 15 அமர்வுகள். செர்ட்ராலின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகளும் உதவும். வேலை செய்யச் சில வாரங்கள் பிடிக்கும், மருத்துவரைக் கேட்காமல் திடீரென்று நிறுத்தக் கூடாது. தெரிந்த மெடிக்கலில் அல்பிரசோலம் வாங்கிப் போட்டுக்கொள்ளும் வேலை மட்டும் வேண்டாம். அது பழக்கமாகிவிடும், சீட்டு இல்லாமல் விற்கவும் கூடாது.

"கீழ்ப்பாக்கம் கேஸ்" என்ற கிண்டலுக்குப் பயந்து போகாதவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1794-இல் தொடங்கிய அந்தச் சென்னை அரசு மனநல மருத்துவமனை தவிர, அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மனநலப் புறநோயாளிப் பிரிவு உண்டு. போய் உட்கார்ந்து பார்த்தால் தெரியும், வரிசையில் தூக்கம் வராதவர்களும் பரீட்சைக்குப் பயந்தவர்களும் இருப்பார்கள். நேரில் போகத் தயக்கமென்றால் 14416, மத்திய அரசின் டெலி மனஸ், 2022 அக்டோபரில் தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் இருப்பவர்களுக்கு 1926. உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அமர்வு, வாரம் என்று காத்திருக்க வேண்டாம், இன்றே அழையுங்கள், நம்பும் ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

என் நண்பனுக்கு இப்படி இருக்கிறது. நான் என்ன செய்யலாம்?

"ஏன்டா பேசவே மாட்டேங்குற?" என்று எல்லார் முன்னாலும் கேட்காதீர்கள். அதற்குப் பதில் சொல்ல முடிந்தால் அவன் முதலிலேயே பேசியிருப்பான். அவனுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம் பேச்சில் வரும்போது அவன் பக்கம் திரும்பி, "நீ போயிருக்கியே, எப்படி இருந்துச்சு?" என்று கேளுங்கள். கும்பலாகக் கூப்பிடுவதற்கு முன் ஒருநாள் தனியாக டீக்குக் கூப்பிடுங்கள். மூன்று முறை வரவில்லை என்றாலும் நாலாவது முறையும் கூப்பிடுங்கள், கெஞ்ச வேண்டாம், சொன்னால் போதும். அவன் பேச ஆரம்பித்ததும் யாராவது குறுக்கே புகுந்தால், "இரு, இவன் முடிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அவனைப் பாருங்கள். அவன் முடித்ததும் "டேய், இவன் பேசிட்டான்டா!" என்று கைதட்டி மட்டும் விடாதீர்கள். அடுத்த ஒரு மாதத்துக்கு வாயைத் திறக்க மாட்டான்.